தொலைஞ்சா யார்கிட்ட கேட்ப?

காணும் பொங்கலன்று சாயங்காலம் மெரினாவில் மணல் தெரியாது, தலைகள்தான் தெரியும். உழைப்பாளர் சிலைக்குப் பின்னால் போலீஸார் போட்டிருந்த தற்காலிகப் பந்தலில், பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் அவள் உட்கார்ந்திருந்தாள். நாலரை, ஐந்து வயது இருக்கும். மஞ்சள் பட்டுப்பாவாடையின் ஓரமெல்லாம் ஈர மணல். மிளகாய்த்தூள் தூவிய மாங்காய்ப் பத்தை ஒன்றை உள்ளங்கைக்குள் இறுக்கிப் பிடித்திருந்தாள். அதைத் தின்னவும் இல்லை, கீழே போடவும் இல்லை.

"உன் பேரு என்னடா தங்கம்?" என்றார் பெண் காவலர். பதில் இல்லை.

"சரி, அம்மா பேரு?"

"அம்மா."

"அப்பா பேரு?"

"அப்பா."

"வீடு எங்கம்மா இருக்கு?"

"மாடில."

காவலர் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, அவளுக்கு எதிரே மணலில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். அதற்குப் பிறகுதான் குழந்தை தானாக வாய் திறந்தாள். "என்னைப் பிடிச்சிட்டுப் போயிடுவீங்களா?"

அவளைப் பந்தலுக்கு அழைத்து வந்தவர் சுண்டல் விற்கும் அம்மா ஒருவர். தள்ளுவண்டிகளுக்கு இடையில் குந்தியிருந்தாளாம். காக்கிச் சட்டை பக்கத்தில் வரும்போதெல்லாம் வண்டியின் மறுபக்கத்துக்கு நகர்ந்துவிட்டாளாம். அவளைத் தேடிய காவலர்களே அவளைத் தாண்டிப் போயிருக்கிறார்கள். கடற்கரைக்கு வரும் குழந்தைகளின் கையில் பெற்றோரின் செல்போன் எண் எழுதிய பட்டையைப் போலீஸார் கட்டிவிடுகிறார்கள். ஆனால், இந்தக் குடும்பம் பட்டை கட்டும் இடத்துக்குப் போகாமல் வேறு பக்கமாக மணலில் இறங்கியிருந்தது. ஒலிபெருக்கியில் "மஞ்சள் பாவாடை" என்று அறிவித்து, கடைசியில் அம்மா ஓடி வந்தார். முதலில் முதுகில் ஓர் அடி. பிறகு கட்டிக்கொண்டு அழுகை.

கூட்டத்தில் கையை நழுவவிட்ட குழந்தைக்கு, அம்மா அப்பாவைத் தவிர அங்கிருக்கும் எல்லோரும் முன்பின் தெரியாதவர்கள்தான். அவர்களில் யாராவது ஒருவர் உதவினால்தான் அவள் வீடு வந்து சேர முடியும். வாசலைத் தாண்டும்போது நாம் சொல்லி அனுப்புவதோ, "தெரியாதவங்ககிட்ட பேசக் கூடாது" என்பது மட்டும்தான். யாரிடம் பேசலாம் என்று சொல்லிக் கொடுத்தோமா?

பூச்சாண்டியும் போலீஸ் மாமாவும்

ஒரு கிண்ணம் பருப்புச் சோறு உள்ளே இறங்க நாம் யார் யாரையெல்லாம் கூப்பிடுகிறோம் என்று எண்ணிப் பார்க்கலாம். பூச்சாண்டி. சாக்குப் பையோடு வரும் பிள்ளை பிடிக்கிறவன். ஊசி போடும் டாக்டர். குடுகுடுப்பைக்காரர். எல்லாவற்றுக்கும் மேலாக, "சாப்பிடலேன்னா போலீஸ் மாமாகிட்ட பிடிச்சுக் கொடுத்துடுவேன்." வாய் திறந்து சோற்றை வாங்கும் குழந்தை, காக்கியைக் கண்டால் ஓடி ஒளிய வேண்டும் என்பதையும் சேர்த்தே விழுங்குகிறது. மெரினா பந்தலில் அந்தக் குழந்தை கேட்ட கேள்வி எங்கோ ஒரு சமையலறையில் சொல்லிக் கொடுத்த பாடம்.

இதற்கு நேர் எதிரான பாடமும் அதே வீட்டில் நடக்கிறது. குழந்தை இதற்கு முன் பார்த்தேயிராத விருந்தாளி வந்தால் "அங்கிளுக்கு ஹாய் சொல்லு", "மாமா மடியில போய் உட்காரு", "ஒரு முத்தம் குடு". குழந்தை நெளிந்தால் "கூச்ச சுபாவம்" என்று நாமே சமாதானம் சொல்கிறோம். வீட்டுக்குள் வந்துவிட்டால் எல்லோரும் மாமா, வெளியே நின்றால் எல்லோரும் பூச்சாண்டி என்று அந்தப் பிஞ்சு மனம் கணக்குப் போட்டுக்கொள்கிறது.

இந்தக் கணக்கு தவறு என்பதற்கு அரசின் ஆவணங்களே சாட்சி. போக்சோ சட்டத்தின் கீழ் பதிவாகும் பாலியல் வன்முறை வழக்குகளில் 90 சதவீதத்துக்கும் மேல், குற்றம் சாட்டப்பட்டவர் குழந்தைக்குத் தெரிந்தவர் என்றே தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் புள்ளிவிவரம் ஆண்டுதோறும் சொல்லி வருகிறது. உறவினர், பக்கத்து வீட்டுக்காரர், குடும்ப நண்பர் எனப் பட்டியல் நீளும். ஆபத்து பெரும்பாலும் செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் வந்து காபி குடிக்கிறது. தெரியாதவர்களைப் பற்றி மட்டும் பயமுறுத்தி வளர்த்தால், வீட்டுக்குள் இருக்கும் ஆபத்தைக் குழந்தையால் அடையாளம் காண முடியாது. வெளியே இருக்கும் உதவியையும் கேட்க முடியாது.

நான்கு நாள், ஒரு மலை

தெரியாதவர் என்றாலே ஆபத்து என்ற பிரசாரம் மேலை நாடுகளில் 1970களிலும் 80களிலும் உச்சத்தில் இருந்தது. பிரிட்டனில் 1973-லேயே இதற்காகக் கார்ட்டூன் குறும்படம் எடுத்து டிவியில் போட்டார்கள். அமெரிக்காவில் காணாமல் போன குழந்தைகளின் படங்கள் பால் அட்டைப்பெட்டிகளில் அச்சாகி, தினமும் காலை உணவு மேசைக்கு வந்தன.

அப்படி வளர்ந்த தலைமுறையினர் தங்கள் பிள்ளைகளுக்கும் அதையே சொல்லி வளர்த்தார்கள். 2005 ஜூன் மாதம் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் சாரணர் முகாமுக்குப் போன 11 வயதுச் சிறுவன் யூயின்டா மலைப்பகுதியில் வழி தவறினான். ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள் தேடினார்கள். நான்காவது நாள் உயிரோடு கிடைத்தான். பிறகு குடும்பத்தார் சொன்ன தகவல்தான் எல்லோரையும் உலுக்கியது. தேடி வந்தவர்களை அவன் பார்த்திருக்கிறான். தெரியாதவர்கள் தன்னைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்களோ என்று பயந்து, பாதையை விட்டு விலகி மறைந்திருக்கிறான். நல்ல பிள்ளையாக, வீட்டில் சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருக்கிறான்!

காணாமல் போன குழந்தைகளுக்காக 1984-ல் அமெரிக்காவில் தொடங்கிய தேசிய மையம், 'தெரியாதவர் ஆபத்து' என்ற முழக்கத்தையே இப்போது கைவிட்டுவிட்டது. எப்படிப்பட்ட நடத்தை ஆபத்தானது, உதவிக்கு யாரை நாடலாம் என்று சொல்லிக் கொடுங்கள் என்பதே அதன் இன்றைய அறிவுரை. நம் ஊரில் பல பள்ளிகளில் இன்னும் அந்தப் பழைய பாடம்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

பூக்காரம்மாவைத் தேடு

உதவி கேட்க ஆளைக் குழந்தையே தேர்ந்தெடுப்பது வேறு, உதவுகிறேன் என்று ஒருவர் குழந்தையைத் தேடி வருவது வேறு. கூட்டத்தில் பெரும்பாலானவர்கள் நல்லவர்கள். அதில் குழந்தை தானாகப் போய் ஒருவர் கையைத் தொட்டால், அவர் கெட்டவராக இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. ஆனால் கெட்ட எண்ணம் உள்ளவர், தனியாக நிற்கும் குழந்தைக்காகக் காத்திருந்து தானாக வருவார். "அம்மா அங்க இருக்காங்க, வா" என்பார். அதனால் குழந்தைக்குச் சொல்ல வேண்டியது, 'நீ போய்க் கேள். உன்னைத் தேடி வந்து கூப்பிடுகிறவரோடு போகாதே.' நாலு வயதுக் குழந்தைக்கும் இது புரியும்.

சரி, யாரிடம் போய்க் கேட்பது? பாதுகாப்பு நிபுணர் காவின் டி பெக்கர் 1999-ல் எழுதிய நூலில், குழந்தை தொலைந்தால் ஒரு பெண்ணிடம் போகச் சொல்லுங்கள் என்றார். பெண்கள் தீங்கு செய்யும் வாய்ப்பு குறைவு, அம்மா கிடைக்கும் வரை கூடவே நிற்கும் வாய்ப்பு அதிகம் என்பது அவர் சொன்ன காரணம். கையில் குழந்தையோடு இருக்கும் பெண் என்றால் இன்னும் நல்லது. அடையாளம் காண்பதும் சுலபம்.

நம் ஊருக்கு இதோடு இன்னொரு அடையாளத்தையும் சேர்க்க வேண்டும் என்பேன். இடத்தை விட்டு நகராதவர்கள். கோயில் வாசலில் மரப்பெட்டி மேல் பூப்பந்து வைத்துக் கட்டிக்கொண்டிருக்கும் பூக்காரம்மா, பத்து வருஷமாக அதே மரத்தடியில்தான் உட்கார்ந்திருப்பார். அவரை எல்லோருக்கும் தெரியும், அவருக்கும் எல்லோரையும் தெரியும். கூடையையும் கல்லாவையும் விட்டுவிட்டு எழுந்து எங்கும் போக முடியாது. குழந்தை அவர் பக்கத்தில் உட்கார்ந்தால் அங்கேயேதான் இருக்கும். விரல் நூலில் ஓடிக்கொண்டிருக்கும்போதே அவர் கொடுக்கும் குரல் தெருக்கோடி வரை கேட்கும். இளநீர்க் கடைக்காரர், செருப்பு ஸ்டாண்டில் டோக்கன் கொடுப்பவர், ஜவுளிக்கடையில் பில் போடும் அக்கா, மருந்துக்கடைக்காரர், டிக்கெட் கவுன்ட்டருக்குள் இருப்பவர் எல்லோரும் இந்த வகை. பேருந்தில் தனியாக ஏறிவிட்டால் கண்டக்டர். நாலு பேர் பார்க்கும் இடத்தில் வேலை செய்பவர், அந்த வேலையை விட்டுவிட்டு குழந்தையோடு மறைய முடியாது.

இதில் உத்தரவாதம் ஏதும் கிடையாது என்பதையும் சொல்லியாக வேண்டும். அரசு மருத்துவமனைகளில் பச்சிளம் குழந்தை திருட்டுப் போகும் வழக்குகளில் பெண்கள் கைதாவதைச் செய்திகளில் பார்க்கிறோம். அதேபோல், அழும் குழந்தையைக் கண்டு ஆட்டோவை ஓரங்கட்டி உண்மையாகவே உதவும் அண்ணன்கள் ஆயிரம் பேர் உண்டு. ஆனால் ஐந்து வயதுக் குழந்தையால் மனிதர்களை எடை போட முடியாது. அதனால்தான் இரண்டாவது விதி அவசியம். யாரிடம் கேட்டாலும் அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது. "வா, வீட்ல விடுறேன்" என்று எவ்வளவு நல்லவர் சொன்னாலும், "எங்க அம்மா இங்கதான் வருவாங்க" என்பதே பதிலாக இருக்க வேண்டும்.

பெட்டிச் செய்தி: குழந்தையின் வாயில் வர வேண்டியவை

• தன் முழுப்பெயர், அம்மா அப்பாவின் நிஜப் பெயர். "அம்மா!" என்று கத்தினால் கூட்டத்தில் அத்தனை அம்மாக்களும் திரும்புவார்கள். அம்மாவின் பெயரைச் சொல்லிக் கத்தினால் ஒருவர்தான் திரும்புவார். அப்படிக் கத்துவது மரியாதைக் குறைவு இல்லை என்பதையும் சொல்லி வையுங்கள்.

• ஒரு செல்போன் எண். பாட்டாகச் சொல்லிக் கொடுத்தால் ஐந்து வயதில் மனப்பாடம் ஆகிவிடும். அதற்கு முந்தைய வயது என்றால் பாவாடை இடுப்புப்பட்டியின், சட்டையின் உள்பக்கம் எழுதி வையுங்கள். பெயரை வெளியே தெரிய எழுத வேண்டாம். பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவரைத் தெரிந்தவர் என்று குழந்தை நம்பிவிடும்.

• "நான் தொலைஞ்சுட்டேன். எங்க அம்மாவுக்கு போன் பண்ணுங்க." இந்த இரண்டு வாக்கியங்களை வீட்டிலேயே சத்தமாகச் சொல்லிப் பழக வேண்டும். முன்பின் தெரியாதவரிடம் முதல் வார்த்தை பேசுவதுதான் குழந்தைக்குக் கஷ்டம்.

• பெற்றோருக்கு ஒன்று: கிளம்பும் முன் அன்றைய உடையில் குழந்தையை ஒரு போட்டோ எடுங்கள். பதற்றத்தில் சட்டையின் நிறம்கூட ஞாபகம் வராது.

ஹவுராவில் ஐந்து வயது

பெயரும் ஊரும் சொல்லத் தெரியாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு சாரு பிரையர்லியின் வாழ்க்கையே சாட்சி. 1986-ல் மத்தியப் பிரதேசத்தின் கண்ட்வாவைச் சேர்ந்த அந்த ஐந்து வயதுச் சிறுவன், அண்ணனோடு புர்ஹான்பூர் ரயில் நிலையத்துக்குப் போனான். அண்ணனைக் காணாமல், நின்றுகொண்டிருந்த ரயிலில் ஏறித் தூங்கிப்போய், ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் ஹவுராவில் இறங்கினான். அவன் பேசியது இந்தி, சுற்றிலும் வங்காளி. தான் வசித்த கணேஷ் தலாய் பகுதியின் பெயரை மழலையில் வேறு மாதிரிச் சொன்னான். கேட்டவர்களுக்கு அப்படி ஓர் ஊரே கிடைக்கவில்லை.

பின்னாளில் தன் நினைவுக் குறிப்பில் அவர் எழுதியிருக்கும் அந்தக் கொல்கத்தா வாரங்களைப் பெற்றோர் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும். ரயில்வே ஊழியர் ஒருவர் அன்பாகப் பேசித் தன் இருப்பிடத்துக்கு அழைத்துப் போய் சோறு போட்டார். மறுநாள் அவருடைய நண்பர் வந்தார். அந்த நண்பர் பக்கத்தில் வந்து பேசிய விதம் சிறுவனுக்குச் சரியாகப் படவில்லை. சமயம் பார்த்து ஓடிவிட்டான். பிறகு ஆற்றங்கரையில் மூழ்கப்போனவனைக் கரையேற்றியவர் வீடில்லாத ஒரு மனிதர். சில நாள் தங்க வைத்து, கடைசியில் காவல் நிலையத்துக்கு அழைத்துப் போனவன் இந்தி பேசிய ஒரு வாலிபன். எல்லோருமே முன்பின் தெரியாதவர்கள்தான். யார் எப்படி நடந்துகொண்டார் என்பதை வைத்துத்தான் அந்தச் சிறுவன் பிழைத்தான்.

காவல் நிலையத்திலிருந்து காப்பகம், காப்பகத்திலிருந்து 1987-ல் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவுக்குத் தத்து. கூகுள் எர்த்தில் தண்டவாளங்களைத் தொடர்ந்து தேடித் தேடி, 2012-ல் கண்ட்வாவில் பெற்ற தாயைப் பார்த்தார். 25 ஆண்டுகளுக்கு மேல்! மகன் திரும்பி வருவான் என்று அந்தத் தாய் வேறு ஊருக்குக் குடிபோகாமல் அங்கேயே காத்திருந்தார். 2016-ல் வெளியான 'லயன்' திரைப்படம் இவர் கதைதான்.

இன்று அதே மாதிரிக் குழந்தை கிடைத்தால் உதவ ஆதார் கைரேகை இருக்கிறது. பல ஆண்டுகளாகக் காப்பகத்தில் இருந்த சிலர் அதன் மூலம் குடும்பத்தோடு சேர்ந்திருக்கிறார்கள். ஆனால் ஐந்து வயதுக்குள் எடுக்கும் ஆதாரில் கைரேகை பதிவாகாது. ஐந்து வயது முடிந்ததும் ஒருமுறை, 15 வயதில் ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பள்ளியில் சேர்க்கும் அவசரத்தில் பலர் இதை விட்டுவிடுகிறார்கள்.

உதவப் போனவருக்கு என்ன ஆனது?

குழந்தைக்கு எவ்வளவு சொல்லிக் கொடுத்தாலும், அது கைநீட்டும்போது பிடித்துக்கொள்ள ஒரு பெரியவர் வேண்டும். நம் ஊரில் அங்கேதான் விரிசல் விழுந்திருக்கிறது.

2018 மே 9. சென்னையிலிருந்து உறவினர்களோடு குலதெய்வக் கோயிலுக்குக் காரில் போன 65 வயது மூதாட்டி, திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே அத்திமூர் பக்கம் வழி கேட்க இறங்கினார். விளையாடிக்கொண்டிருந்த குழந்தைகளுக்கு சாக்லேட் கொடுத்தார். வடநாட்டிலிருந்து குழந்தை கடத்தும் கும்பல் வந்திருக்கிறது என்று அப்போது வாட்ஸ்அப்பில் வதந்தி சுற்றிக்கொண்டிருந்தது. கூட்டம் கூடியது. அந்தப் பாட்டி அடித்தே கொல்லப்பட்டார். கூட வந்தவர்கள் படுகாயமடைந்தார்கள். அதே நாட்களில் பழவேற்காட்டிலும் ஒருவர் இதே சந்தேகத்தில் கொல்லப்பட்டார். நாடு முழுக்க இப்படி உயிர்கள் போன பிறகு, ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் ஒரு செய்தியை ஐந்து உரையாடல்களுக்கு மேல் ஒரே நேரத்தில் பகிர முடியாதபடி கட்டுப்பாடு கொண்டுவந்தது. ஆனாலும் 2024 தொடக்கத்தில் அதே வதந்தி மீண்டும் கிளம்பி, போலீஸார் ஊர் ஊராக மறுப்பு வெளியிட வேண்டியிருந்தது.

அத்திமூர் செய்தியைப் படித்த ஒருவர், அடுத்த நாள் பேருந்து நிலையத்தில் அழுதுகொண்டு நிற்கும் குழந்தையைப் பார்த்தால் கிட்டே போவாரா? அதுவும் அவர் ஆணாக இருந்தால்? வடநாட்டுத் தொழிலாளியாக இருந்தால்? குழந்தையின் கையைப் பிடித்த உடனே "டேய், யார்ரா நீ?" என்ற குரல் வரும் என்று பயந்து ஒதுங்கிப் போவார். இப்படி ஒதுங்கிப் போகிறவர்கள் பெரும்பாலும் நல்லவர்கள். கெட்டவர் ஒதுங்க மாட்டார்.

பயமில்லாமல் உதவ வழி இருக்கிறது. குழந்தையைத் தூக்க வேண்டாம், எங்கும் அழைத்துப் போக வேண்டாம். சற்றுத் தள்ளி, குழந்தையின் உயரத்துக்குக் குனிந்து உட்காருங்கள். "இந்தக் குழந்தையோட வந்தவங்க யாரு?" என்று சத்தமாகக் கேளுங்கள். பக்கத்தில் இருக்கும் பெண் ஒருவரையும் கடைக்காரர் ஒருவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மூன்று பேராகிவிட்டால் சந்தேகம் போய்விடும், பாதுகாப்பும் வந்துவிடும். பிறகு குழந்தைகள் உதவி எண் 1098 அல்லது அவசர உதவி எண் 112-ஐக் கூப்பிடுங்கள். படத்தை வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடாதீர்கள். குழந்தை வீட்டுக்குப் போன பிறகும் அந்தப் படம் வருடக்கணக்கில் சுற்றும். "என் குழந்தைதான்" என்று சொல்லி வர நினைப்பவருக்கும் அது அடையாளம் காட்டும். யார் வந்து கேட்டாலும் போலீஸ் முன்னிலையில் ஒப்படைப்பதே சரி.

பெட்டிச் செய்தி: சட்டம் என்ன சொல்கிறது?

• இளைஞர் நீதிச் சட்டம் 2015, பிரிவு 32: தொலைந்த குழந்தை கையில் கிடைத்தால், பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் 1098, காவல் நிலையம், குழந்தைகள் நலக் குழு, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு இவற்றில் ஒன்றுக்குத் தகவல் தர வேண்டும். அல்லது பதிவு பெற்ற காப்பகத்தில் ஒப்படைக்க வேண்டும்.

• தகவல் தராமல் வைத்துக்கொண்டால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். இரக்கப்பட்டு வீட்டில் வைத்து வளர்ப்பதும் இதில் அடங்கும்.

• குழந்தை காணாமல் போனதாகப் புகார் வந்தால் முதல் தகவல் அறிக்கை பதிந்தே ஆக வேண்டும் என்று 2013-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. "ரெண்டு நாள் பார்த்துட்டு வாங்க" என்று திருப்பி அனுப்ப முடியாது.

• 1098 சேவை 1996-ல் மும்பையில் தொடங்கியது. இப்போது அரசே நடத்துகிறது. கட்டணம் இல்லை, குழந்தையே கூப்பிடலாம்.

கடைகளுக்கும் கடமை உண்டு

1994-ல் அமெரிக்காவின் வால்மார்ட் கடைகள் ஒரு நடைமுறையைக் கொண்டுவந்தன. குழந்தையைக் காணவில்லை என்று பெற்றோர் சொன்ன உடனே மைக்கில் குறிப்பிட்ட சொல் ஒலிக்கும். ஊழியர்கள் வாசல்களுக்குப் போய் நிற்பார்கள், மற்றவர்கள் தேடுவார்கள். செலவு ஏதும் கிடையாது. தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை தி.நகர் ரங்கநாதன் தெருவில் ஏழு மாடிக் கடைக்குள் லிப்ட், எஸ்கலேட்டர், நாலு வாசல். தெருவில் போலீஸின் கண்காணிப்புக் கோபுரம் இருக்கும். கடைக்குள்? ஆடித் தள்ளுபடியை அறிவிக்க ஒவ்வொரு மாடியிலும் மைக் இருக்கும் கடையில், தொலைந்த குழந்தை எந்த மாடியில் எந்த கவுன்ட்டருக்கு வர வேண்டும் என்று காட்டும் ஒரு படம்கூட இருப்பதில்லை. எழுத்துத் தெரியாத குழந்தைக்கும் புரிகிற ஒரு யானை படமோ கிளி படமோ போதும். உள்ளே நுழையும்போதே அம்மா, "தொலைஞ்சா யானைகிட்ட வந்து நில்லு" என்று சொல்லிவிடலாம்.

அதுவரை, தொலைந்தால் யாரிடம் கேட்பது என்பதை விளையாட்டாக ஆடிப் பழக்க வேண்டியது பெற்றோர்தான். பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரம் போதும். "இப்ப அம்மா காணோம். இங்க யார்கிட்ட கேட்ப?" என்று கேளுங்கள். முதலில் உங்கள் மகன் "நாய்க்குட்டி வச்சிருக்க அண்ணாகிட்ட" என்பான். சிரிக்காமல், ஏன் என்று கேளுங்கள். அவன் சொல்லும் காரணம் உங்களுக்குப் பாடம். நாய்க்குட்டியும் மிட்டாயும் எவ்வளவு சுலபமாக இழுக்கும் என்று அப்போது தெரியும். நாலைந்து முறை ஆடிய பிறகு அவனே "அந்தப் பூக்காரம்மா" என்பான். போலீஸ் அக்காவைப் பார்த்தால் நின்று வணக்கம் சொல்லிப் பழக்குங்கள். தொலைந்து கிடைத்த குழந்தையை அடிக்காதீர்கள். அடி விழும் என்று தெரிந்தால், அடுத்த முறை உங்களிடமிருந்தே ஒளிந்துகொள்ளும்.

இந்த விளையாட்டை எல்லாக் குழந்தைகளோடும் தமிழில் ஆட முடியாது. திருப்பூர் பனியன் கம்பெனிகளிலும் சென்னைக் கட்டுமான இடங்களிலும் பெற்றோர் வேலைக்குப் போய்விட, தகரக் கொட்டகைகளில் ஒடியாவும் போஜ்புரியும் பேசும் குழந்தைகள் வளர்கிறார்கள். அவர்களில் ஒரு குழந்தை தெருமுனையில் வழி தவறி நின்றால், பெயர் கேட்கும் பூக்காரம்மாவுக்கும் அதன் பதில் புரியாது. மேஸ்திரியின் செல்போன் எண்ணையாவது அந்தக் குழந்தையின் கையில் கட்டிவிட வேண்டும். கட்டட வேலை தொடங்கும் அன்றே ஒப்பந்தக்காரர் செய்யக்கூடிய காரியம்தான் அது. தொழிலாளர் துறை நினைத்தால் அதைக் கட்டாயமாக்கலாம்.